நீல பம்ப் உடனே கேட்கிறது, கபில பம்ப் ஏன் கேட்பதில்லை?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பனி இறங்கினால் இழுப்பு வந்துவிடும். நீல பம்ப் அடித்தால் ஐந்து நிமிடத்தில் கேட்கிறது. டொக்டர் தினமும் அடிக்கச் சொன்ன கபில பம்ப்பில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டார். இப்போது நீலமும் முன்போலக் கேட்பதில்லை. ஏன்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: மகள், முதலில் அந்தக் கபில பம்ப்பைத் தேடி எடுங்கள். பொகவந்தலாவையில் என் அம்மாவும் இதையேதான் செய்தார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றுதான், லயத்து அடுப்புக்கு மேலே பிஸ்கட் டின்னுக்குள் பெட்டி பிரிக்காத மூன்று பம்ப்பைக் கண்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உயிரியல் படிப்பித்த நான் அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்ற வருத்தம் இன்றும் போகவில்லை.

இரண்டு மருந்துமே ஓமோன்களின் சாயலில் செய்தவை. நீலத்தில் இருக்கும் சல்பியூட்டமோல், அட்ரினலினின் சாயல். அது கலத்துக்குள் போக வேண்டியதே இல்லை. துரை மலையில் இறங்காமலே, காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டில் கங்காணியிடம் சொன்ன வேலை நிரை நிரையாகப் போய்ச் சேருகிறதே, அது மாதிரி. சுவாசக் குழாய்த் தசையின் கல மென்சவ்வை ஏழு தரம் ஊடுருவிச் சுருள் சுருளாக நிற்கிறது, வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் ஒரு வாங்கிப் புரதம். மருந்து வெளியே இருந்தபடியே அதைப் பற்றிக்கொள்ள, உள்பக்கத்தில் ஆறாவது சுருளின் முனை 1.4 நனோமீட்டர் விலகுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறு போட்டால் அதில் ஏறக்குறைய ஒன்றரைக் கூறு! அந்தச் சின்ன இடைவெளியில், செய்தியை உள்ளே கடத்தும் ஜி புரதம் வந்து பொருந்துகிறது, செய்தி உள்ளே பரவுகிறது, தசை தளர்கிறது. வாங்கியும் ஜி புரதமும் கைகோத்து நிற்கும் அந்த நிலையை அமெரிக்க விஞ்ஞானி பிரையன் கோபில்காவின் குழு பளிங்காக்கி 2011இல் படமாகக் காட்டியது. அடுத்த வருடம் அவருக்கும் ரொபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் இரசாயனத்துக்கான நோபல் பரிசு. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு அம்மாவின் நெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

கபில பம்ப்பில் இருப்பது ஸ்டீரொயிட், கோர்ட்டிசோலின் சாயல். கொழுப்பில் கரைவதால் அது மென்சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். அதன் வாங்கி அங்கேதான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கலத்தின் கருவுக்குள் போய் டி.என்.ஏ.யில் அமர்ந்து, எந்தப் புரதத்தைச் செய்வது, எதை நிறுத்துவது என்பதையே மாற்றுகின்றன. இதற்கு மணிக்கணக்காகும். குழாயின் வீக்கம் வற்றக் கிழமைக்கணக்காகும். அடித்தவுடன் ஒன்றும் தெரியாதது அதனால்தான்.

சரி, நீலம் ஏன் தோற்கிறது? அதையே திரும்பத் திரும்ப அடிக்கும்போது அரெஸ்டின் என்ற புரதம் வாங்கியின் உள்பக்கத்தில் ஒட்டி, ஜி புரதம் பொருந்தும் இடத்தை அடைக்கிறது. கலமும் பல வாங்கிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீலத்துக்கு வேண்டிய வாங்கிகளைப் புதிதாகச் செய்ய வைப்பதும் ஸ்டீரொயிட்டின் வேலைகளில் ஒன்று. அதை நிறுத்தினால் வீக்கமும் கூடும், வாங்கியும் குறையும்.

நீலம் கேட்காமல் போவது ஆபத்தான அறிகுறி. நாளைக்கே அம்மாவை டொக்டரிடம் கூட்டிப் போங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போகும்போது இரண்டு பம்ப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அம்மா அடிக்கும் விதத்தை டொக்டர் ஒருமுறை பார்க்கட்டும்.