முதல் நாய்க்குட்டி, மூன்று மாத லாப்ரடார்: ஆரோக்கியமான உணவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"மூன்று மாத லாப்ரடார் குட்டி, இதுதான் என் முதல் நாய். கடையில் போய் நின்றால் பைகளைப் பார்த்தே தலை சுற்றுகிறது. எது ஆரோக்கியமான உணவு என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் பொட்டு இருக்கிறாள். எட்டு வயது, நெற்றியில் வெள்ளைத் திட்டு, இனம் கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் வந்த புதிதில் நான் வாங்கிய முதல் பையில் ஓநாய் படம் போட்டிருந்தது. பனிமலை, நிலா, கீழே ‘தானியம் அறவே இல்லை’ என்று தங்க எழுத்து. கடையில் இருந்ததிலேயே விலை கூடியது அதுதான், அதனாலேயே வாங்கினேன். பொட்டு அந்த ஓநாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்காகப் போட்ட படம். பையின் முன்பக்கம் முழுக்கவே நம்மைப் போன்ற ஆட்களுக்குத்தான். நாய்க்கு வேண்டிய சேதி பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரே ஒரு வரியில் இருக்கும்.

அந்த வரி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, இது முழுமையான, சமச்சீரான உணவு என்பது. அதாவது, வேறு எதுவும் சேர்க்காமல் இதையே தினமும் போட்டாலும் நாய்க்குக் குறை வராது. இரண்டாவது, எந்த வயதுக்கு என்பது. அமெரிக்க அளவுகோலைப் பின்பற்றும் பைகளில் ஆஃப்கோ (AAFCO) என்ற பெயரும், ஐரோப்பிய அளவுகோலைப் பின்பற்றும் பைகளில் ஃபெடியாஃப் (FEDIAF) என்ற பெயரும் அந்த வரியிலோ பக்கத்திலோ வரும். ‘இடையிடையே கொடுக்க மட்டும்’, ‘துணை உணவு’ என்ற மாதிரி எழுதியிருந்தால் அது தின்பண்டம். எவ்வளவு பெரிய பையில் வந்தாலும் அதைச் சாப்பாடாக வைக்கக்கூடாது.

உங்களுடையது குட்டி என்பதால் ‘வளரும் பருவம்’ அல்லது ‘எல்லாப் பருவங்களுக்கும்’ என்று இருக்க வேண்டும். ஆஃப்கோ கணக்கில் வளர்ந்த நாய்க்கு, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், புரதம் குறைந்தது 18 சதவீதம். குட்டிக்கு 22.5. இதைவிட முக்கியமாக ஒன்று உங்களுக்கு இருக்கிறது. லாப்ரடார் வளர்ந்தால் சாதாரணமாக 30 கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். அதனால் ‘பெரிய இனக் குட்டிகளுக்கும் ஏற்றது’ என்று அந்த வரியிலேயே இருக்கிறதா பாருங்கள். இது விளம்பரச் சொல் இல்லை. குட்டிகளின் குடலுக்கு, கூடுதலாக வரும் கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளத் தெரியாது, வந்ததை உள்ளே வாங்கிக்கொள்ளும். வேகமாக வளரும் பெரிய இனங்களில் அது எலும்பையும் மூட்டையும் கோணலாக்கிவிடும். அதனால்தான் பொதுவாகக் கால்சியத்துக்கு 2.5 சதவீதம் என்றிருக்கும் உச்சவரம்பு, பெரிய இனக் குட்டி உணவுக்கு மட்டும் 1.8. சரியான பையை வாங்கிவிட்டு, எலும்பு பலப்படட்டும் என்று கால்சியம் டானிக்கையும் ஊற்றிக் கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இனி, எல்லோரும் முதலில் படிக்கும் மூலப்பொருள் பட்டியல். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை இல்லை. சமைப்பதற்கு முன்னால் இருந்த எடைப்படி வரிசை போடுவார்கள். பச்சைக் கோழிக்கறியில் கிட்டத்தட்ட 70 சதவீதம் தண்ணீர், அந்தத் தண்ணீரின் எடையால்தான் பல பைகளில் கோழி முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. உலர்த்திப் பொடித்த ‘சிக்கன் மீல்’ என்ற பெயரைப் பார்த்து முகம் சுளிக்கிறோம், ஆனால் எடைக்கு எடை அதில்தான் புரதம் அதிகம். பெயரிலும் ஒரு விளையாட்டு உண்டு. அமெரிக்க விதிப்படி ‘சிக்கன் டின்னர்’ என்று பெயர் வைக்க 25 சதவீதம் கோழி வேண்டும், ‘வித் சிக்கன்’ என்று போட 3 சதவீதம் போதும். ‘சிக்கன் ஃப்ளேவர்’ என்றால் வாசனை தெரிந்தால் சரி.

டின் உணவையும் உலர் உணவையும் ஒப்பிடும்போது இன்னொரு ஏமாற்றம். டின்னில் புரதம் 8 சதவீதம், பையில் 26 என்று பார்த்ததும் டின் மோசம் என்று நினைத்தேன். டின்னில் 78 சதவீதம் தண்ணீர். மீதி 22-இல் 8 என்றால் 36 சதவீதம் ஆகிறது. பையில் ஈரம் 10 போக 90-இல் 26, அதாவது 29 தான்.

அந்த ஓநாய்ப் பைக்கு வருகிறேன். நாய் ஓநாயின் வழி வந்தது, அதற்கு எதற்குத் தானியம் என்பதுதான் விற்பவர்கள் வாதம். 2013-இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு நகல்தான், நாய்களிடமோ நாலிலிருந்து முப்பது வரை. மனிதன் தின்றதில் மிச்சத்தைத் தின்றே வளர்ந்த ஜாதி அல்லவா. பிறகு 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு வகைகளைப் பிரதானமாக வைத்துச் செய்த உணவு தின்ற நாய்களில் இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய் வந்ததாகப் புகார்கள். தானியம் இல்லாத பைகள் பல அப்படிச் செய்தவைதான். உணவுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை, 2022 டிசம்பரில் அந்த நிர்வாகமே போதுமான தரவு இல்லை என்றது. இருந்தாலும், தானியம் ஒத்துக்கொள்ளாத நாய் அபூர்வம் என்னும்போது நான் ஏன் அந்தப் பக்கம் போக வேண்டும்? ஒவ்வாமை என்று வந்தால் பெரும்பாலும் மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி இவைதான் காரணமாக இருக்கின்றன.

பையே வேண்டாம் என்று இரண்டு மாதம் நானே சமைத்தும் பார்த்தேன். கோழி, சோறு, கேரட். பொட்டு தட்டை நக்கியே பளபளப்பாக்கினாள், எனக்கும் பெருமை தாங்கவில்லை. டாக்டர் கேட்ட ஒரே கேள்வி, "இதில் கால்சியம் எங்கே?" கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். 2013-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சோதித்தார்கள், 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைவு. வீட்டில் சமைப்பது தப்பில்லை, ஆனால் விலங்கு உணவியல் படித்தவர் எழுதிக் கொடுத்த குறிப்போடு செய்ய வேண்டும். வளரும் குட்டிக்குச் சொந்த யோசனையில் செய்யவே கூடாது.

எதை வாங்குகிறோம் என்று இவ்வளவு ஆராய்ந்த நான், எவ்வளவு வைக்கிறோம் என்பதைப் பார்க்கவேயில்லை. ஒருமுறை தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் பொட்டுவை மேசையில் ஏற்றி விலாவில் கை வைத்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு வைக்கிறீங்க?"

"ரெண்டு கப் சார்."

"எந்தக் கப்?"

பழைய காபிக் குவளை ஒன்று, பைக்குள்ளேயே கிடக்கும். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். பையில் ஒரு கப் என்றால் 100 கிராம் என்று போட்டிருந்தது. நான் வழக்கம்போல் மொண்டேன்: 148. இன்னொரு முறை: 161. மூன்றாம் முறை: 155. மூன்றுமே எனக்கு ஒரே அளவாகத்தான் தெரிந்தன. 12 கிலோ இருக்க வேண்டியவள் 15-ஐத் தாண்டியிருந்தாள்.

கணக்கு இப்படிப் போடலாம். நாயின் சரியான எடையைக் கிலோவில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, மறுபடியும் பெருக்குங்கள். 12 × 12 × 12 = 1728. கால்குலேட்டரில் வர்க்கமூல பொத்தானை இரண்டு முறை தட்டினால் 6.45 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 450 கலோரி, சும்மா படுத்திருக்கவே ஆகும் செலவு. கருத்தடை ஆன, வளர்ந்த நாய்க்கு அதன் 1.6 மடங்கு, ஏறக்குறைய 720. எங்கள் உணவில் 100 கிராமுக்கு 360 கலோரி, ஆக நாளுக்கு 200 கிராம். நான் வைத்தது 300-க்கு மேல், பிஸ்கட் தனி. தின்பண்டமெல்லாம் சேர்த்து நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. குட்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, தேவை அதிகம், மாதாமாதம் மாறும். பையில் இருக்கும் அட்டவணையில் தொடங்கி விலாவைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

விலாவை எப்படிப் பார்ப்பது? உங்கள் உள்ளங்கையைக் கீழே பார்த்து விரித்து, மறு கை விரல்களால் புறங்கை எலும்புகளைத் தடவுங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். முஷ்டி மடக்கின கணுக்கள் மாதிரி முட்டிக்கொண்டு நின்றால் இளைப்பு, உள்ளங்கைப் பக்கம் மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு.

உங்கள் குட்டியின் இனத்துக்கு இது ரொம்ப முக்கியம். லாப்ரடார்களில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருக்கிறது என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதனால் அந்தக் கண்ணைப் பார்த்துச் சோறு போடாதீர்கள். நாய் உணவு தயாரிக்கும் ப்யூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, குட்டியிலிருந்து கடைசி வரை கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகவே வைத்தார்கள். குறைவாகத் தின்றவை சராசரியாக 1.8 வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் தாமதமாகவே வந்தது. உணவு கம்பெனியே குறைத்துப் போடச் சொல்லும் ஆய்வு என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று கலந்த இனிப்புகள், வெந்த எலும்பு, இவை எந்த அளவிலும் வேண்டாம். வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், விருந்தாளிக்கும்.

புதுப் பை வாங்கினால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைச் சேர்த்து, இரண்டு நாளுக்கொரு தரம் கூட்டி, ஒரு வாரத்தில் முழுதாக மாறுங்கள். அந்த வாரம் மலத்தைப் பாருங்கள், கையில் எடுத்தால் உருவம் கலையாமல் வர வேண்டும். ஆறு மாதம் வரை நாளுக்கு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள், முதல் நாளே ஒரு தராசு வாங்கிவிடுங்கள். என் குவளையில் இப்போது பேனாக்கள் நிற்கின்றன. எடுக்கும்போது கிளிங் என்று சத்தம் கேட்டால், இன்னமும் ஒருத்தி எழுந்து வந்து நிற்கிறாள்.