சிங்கப்பூரில் தாதிமை இல்லத்தில் (முதியோர் பராமரிப்பு இல்லம்) இருக்கும் அம்மாவின் கையில் நீலத் தழும்பு: துன்புறுத்தல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தழும்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு லேசாக இடித்தாலே முன்கையில் நீலம் பாரித்துவிடும். ஆனால் மேற்கையின் உட்புறத்தில் விரல் பதிந்தது போல வரிசையாக இருந்தாலோ, இரண்டு மணிக்கட்டிலும் வளையம் போலத் தெரிந்தாலோ சும்மா விடாதீர்கள். கட்டிவைத்தார்களா, யார் சம்மதத்தோடு என்று நேராகக் கேளுங்கள்.

அடி மட்டும்தான் துன்புறுத்தல் என்று இல்லை. காய்ந்த உதடு, மாற்றாத டயப்பர், படுக்கைப்புண், குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்ததும் அம்மா பேச்சை நிறுத்துவது எல்லாமே அறிகுறிதான். நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குத் தமிழ் மட்டுமே வரும். "வலிக்குதும்மா" என்று சொன்னால் அங்கே யாருக்கும் புரியாமல் போகலாம். அதனால் நீங்கள்தான் அவருடைய வாய்.

படம் எடுங்கள், தேதி, நேரம் குறியுங்கள். சந்தேகப்படும் ஊழியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் கிளம்பியபின் அம்மா தனியாகத்தான் இருப்பார். இல்லத்தின் மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். சரியான பதில் வராவிட்டால் தாதிமை இல்லங்களுக்கு உரிமம் வழங்கும் சுகாதார அமைச்சுக்கு எழுதுங்கள். 1800-777-0000 என்ற வன்முறைத் தடுப்பு உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் போலீஸ் எண் 999. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத வயதுவந்தோருக்காகவே 2018இல் தனிச் சட்டம் வந்தது.

அப்புறம், எப்போதும் ஞாயிறு மாலையிலேயே போகாதீர்கள். ஒரு நாள் காலைக் குளியல் நேரத்தில் போய்ப் பாருங்கள்.