பதில்: மண் தரையில் நன்றாக ஹாக்கி ஆடும் பையன் டர்ஃபில் தடுமாறுகிறான்

வணக்கமுங்க அண்ணா. கோபியில் செம்மண் மைதானத்தில் ஹாக்கி ஆடிப் பழகிய பையனுக்கு, செயற்கைத் தரையான டர்ஃபில் பந்து மட்டைக்கு அடியில் நழுவுகிறது, காலில் பட்டு ஃபவுல் விசில் வாங்குகிறான், மட்டையை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மட்டைக்குச் செலவு செய்ய வேண்டாமுங்க.

மண் தரையில் பந்து வேகம் குறைந்து, துள்ளி வரும். அதனால் பையன்கள் நிமிர்ந்தே நின்று தடுக்கிறார்கள். தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து தரையோடு வழுக்கிக்கொண்டு வரும். முழங்காலை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, பந்தை வலது பாதத்துக்குச் சற்று முன்னால் வாங்கச் சொல்லுங்கள். இடது கை முன்னே சாய்ந்திருக்க வேண்டும். வலது கைப்பிடி தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் பந்து மட்டையில் பட்டுத் தெறித்துவிடும். இரண்டு கால்களுக்கு நடுவே வாங்கினால் விசில்தான்.

பெரியவர்களே திணறிய விஷயம் இது. 1975-ல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பை வென்ற இந்தியா, அடுத்த ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததும் 7-ஆம் இடத்துக்கு இறங்கியது. குட்டி பாஸ், பந்தை ஒட்டி உருட்டிப் போகும் நம் பாணி எல்லாம் இருந்தும்தான்.

பக்கத்தில் டர்ஃப் இல்லையென்றால், மஞ்சளோ கடலையோ காயப்போடும் சிமென்ட் களம் காலியாக இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். அங்கே பந்து நன்றாக ஓடும். நீங்களே எதிரே நின்று உருட்டிவிடலாம். ஆனால் பழைய மட்டையாகக் கொடுங்கள், சிமென்ட் அதைத் தேய்த்துவிடும். அப்புறம், காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் அடியில் சின்னச் சின்னக் குமிழ் வைத்த டர்ஃப் ஷூ வாங்குங்கள்.