ஸ்டுடியோ அக்கா பதில்கள்: பள்ளி அணிப் படமும் தனிப் படமும்

மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் விளையாட்டு அணிகளைப் படமெடுத்து வரும் அக்கா, இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே: அக்கா, கல்யாண வேலைகளுக்கு உதவியாளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இப்போது சொந்தக் கேமரா வாங்கிவிட்டேன். பள்ளிக்கூட டீம் போட்டோ எடுத்துப் பிழைக்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?
– எஸ்., நீடாமங்கலம்

ப: முடியும் தம்பி. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, நம் தொழிலில் பலருக்குக் கை ஓய்ந்திருக்கும். பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஆடி, ஆவணியை ஒட்டித்தான் வரும். ஜெயித்த அணி அடுத்த சுற்றுக்குக் கிளம்பும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு பூரிப்பு இருக்கும் பாருங்கள், அந்த வாரத்தில் எடுத்துவிட வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மைதானத்தில் தண்ணீர் நின்றுவிடும்.

முதலில் பி.இ.டி. சாரை, அதாவது உடற்கல்வி ஆசிரியரைப் பாருங்கள். எந்த அணி எப்போது பயிற்சிக்கு வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். அப்புறம் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். என்ன எடுக்கப் போகிறீர்கள், என்ன விலை, எத்தனை நாளில் தருவீர்கள், வாங்குவது கட்டாயமில்லை என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும்.

இந்தத் தொழிலின் உயிர் பெயர்ப் பட்டியல். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை யார் என்று கேட்கவே வேண்டாம். இங்கே ஒரே ஜெர்சியில், ஒரே மாதிரி முடி வெட்டிய பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டே இருப்பார்கள். நான் ஒவ்வொரு பிள்ளையிடமும் எண் எழுதிய சிலேட்டைக் கொடுத்து ஒரு படம் எடுப்பேன். சிலேட்டை வாங்கிக்கொண்டு அப்புறம் நல்ல படங்களை எடுப்பேன். பட்டியலில் அதே எண்ணுக்கு நேரே பெயர், வகுப்பு, விளையாட்டு, பெற்றோர் போன் எண். ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது எந்த முகம் யாருடையது என்று தேட வேண்டியிருக்காது. பெயரை அச்சுக்கு அனுப்பும் முன் அந்தப் பிள்ளையிடமே காட்டிவிடுங்கள். அணிப் படம் பல வருஷம் வீட்டுச் சுவரில் இருக்கப் போகிறது. இனிஷியல் மாறியிருந்தால்கூட பார்க்கும்போதெல்லாம் அந்த வீட்டாருக்கு உறுத்தும்.

கே: போட்டி முடிந்து உச்சி வெயிலில்தான் எடுக்கச் சொல்கிறார்கள். எல்லார் கண்ணும் கறுத்துப் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?
– ஆர்., திருவிடைமருதூர்

ப: உச்சி வெயில் தலைக்கு மேலிருந்து இறங்குவதால் கண் குழியில் நிழல் தங்கிவிடும். காலை ஏழு மணிக்கு மேல் எட்டரைக்குள் நேரம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், பள்ளிக் கட்டட நிழலின் ஓரத்தில், வெளிச்சத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள். மரத்தடி வேண்டாம், இலை இடுக்கு வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக விழும். திறந்த வெளிதான் என்றால் சூரியன் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருக்கட்டும், முன்னாலிருந்து பிளாஷ் போடுங்கள். அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் திறப்பு, 8 அல்லது 11 வைத்தால் இரண்டு வரிசையும் தெளிவாக வரும். பிளாஷ் போடும்போது பல கேமராக்களில் ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 வினாடியைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும், கவனம்.

வெள்ளை ஜெர்சி அணியென்றால் கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அகல லென்ஸை வைத்துக்கொண்டு கிட்டே போனால் ஓரத்தில் நிற்கிற பிள்ளைகள் அகன்று தெரிவார்கள். 50 எம்.எம். லென்ஸ் போட்டுப் பின்னால் தள்ளி நில்லுங்கள்.

இன்னொன்று. கபடியில் களத்தில் இறங்குவது 7 பேர், அணியில் இருப்பது 12 பேர். மாற்று ஆட்டக்காரர்களை ஓரத்துக்கு ஒதுக்கி நிறுத்தும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. உயரம் பார்த்து வரிசை போடுங்கள். முன்னால் 5 பேர், பின்னால் 7 பேர், கேப்டன் நடுவில். மற்றபடி யார் ஆடினார், யார் வெளியே உட்கார்ந்தார் என்று படம் சொல்லக் கூடாது.

கே: தனிப் படத்தில் பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்லி அம்மாக்கள் கேட்கிறார்கள். நீங்கள் செய்து கொடுப்பீர்களா?
– பெயர் வேண்டாம், திருத்துறைப்பூண்டி

ப: செய்ய மாட்டேன். வெயிலில் ஓடி ஆடி ஜெயித்து வந்த பிள்ளை அது. முகத்தை வெளுத்துக் கொடுத்தால், உன் நிறம் சரியில்லை என்று நாமே அச்சடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பரு இருந்தால் எடுத்துவிடுவேன், அது தானாகப் போய்விடக் கூடியது. தழும்பை, பிள்ளை கேட்டால் மட்டும். அம்மாக்கள் கேட்பது பெரும்பாலும் வெளிச்சம் குறைந்த படங்களைப் பார்த்துச் சலித்ததால்தான். பக்கவாட்டு வெளிச்சத்தில், கறுத்த கன்னத்தில் மினுமினுப்புத் தெரிய ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். என்னிடம் வரும் பல அம்மாக்கள் அதைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

கே: எடுத்த படங்களை விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் போடலாமா?
– கே., மயிலாடுதுறை

ப: பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் போடாதீர்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைத்தான் கேட்கிறது. சம்மதம் கிடைத்தாலும் பெயர், பள்ளி, ஊர் மூன்றையும் சேர்த்துப் போடவே கூடாது.

கே: நான் உடற்கல்வி ஆசிரியர். என் அணியில் சில பிள்ளைகளால் படம் வாங்க முடியாது. அவர்களைத் தனிப் படத்துக்கு நிறுத்துவதா, வேண்டாமா?
– பெயர் வேண்டாம், வலங்கைமான்

ப: நிறுத்துங்கள் சார், ஒருவர் விடாமல். யார் வாங்குவார் என்று படமெடுக்கும் இடத்தில் பேச்சே வரக் கூடாது. நான் விலை போடும்போதே, அணிப் படத்தில் 6-க்கு 8 அளவில் ஆளுக்கொரு பிரதி இலவசம் என்று கணக்குப் பண்ணிக்கொள்வேன். அந்தச் செலவு மற்றவர்கள் வாங்கும் தனிப் படங்களின் விலையில் அடங்கிவிடும். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒட்டிய கவர் கொடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்.

பணம் பாக்கி வைப்பவர்களை ஐப்பசி, கார்த்திகையில் நெருக்கும்படி போட்டோக்காரரிடம் சொல்லாதீர்கள். நடவுக்கும் உரத்துக்கும் போட்ட காசு வயலில் கிடக்கும். தை, மாசியில் சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்தபிறகு, போட்டோக்காரரை ஒரு தடவை போன் பண்ணச் சொல்லுங்கள். அப்போதும் வராவிட்டால் விட்டுவிடச் சொல்லுங்கள்.