சர்வே எண் மாறிய கிரயப் பத்திரம்

கேள்வி: 1994-ல் ஒரு மனை வாங்கி வீடு கட்டிக் குடியிருக்கிறோம். இப்போது விற்கப் போனால், 142/3 என்று இருக்க வேண்டிய சர்வே எண் பத்திரத்தில் 143/2 என்று விழுந்திருக்கிறது. நான்கு எல்லையும் அளவும் சரி. எழுதிக் கொடுத்தவர் காலமாகிவிட்டார். "பேனாவால் திருத்திவிடலாம்" என்கிறார் தரகர். செய்யலாமா?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அம்மா, தயவுசெய்து பேனாவை எடுக்காதீர்கள். உங்கள் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்களைப் பதியும் 1-ஆம் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது. கையிலிருப்பதை மட்டும் திருத்தினால் இரண்டும் ஒத்துப்போகாது. அப்படி ஒரு பத்திரம் என்னிடம் வந்தது. மங்கிய கறுப்பு எழுத்தின் மேல் பளிச்சென்று நீல மையில் ஒரே ஒரு இலக்கம். வெறும் எழுத்துப்பிழையாக இருந்தது, அந்த மையால் மோசடிச் சந்தேகமாகிவிட்டது. அந்தக் குடும்பம் பட்ட பாடு இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

சரியான வழி, பிழைத்திருத்தல் பத்திரம். விற்றவர் இல்லையென்றால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் எழுதிக் கொடுக்கலாம். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில், தனக்காகக் கையெழுத்துப் போட இங்குள்ள ஒருவருக்கு பவர் எழுதி அனுப்பட்டும். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். உங்களுக்குப் பெரிய பலம் மூலப்பத்திரம்தான், அதாவது விற்றவருக்கு இடம் வந்த பழைய பத்திரம். விற்றவருக்கு 142/3-ல்தான் இடம் இருந்தது என்று அதில் இருந்தால், பிழை எங்கே நுழைந்தது என்பது தானாகத் தெரியும்.

வாரிசுகளில் ஒருவர் முரண்டு பிடித்தால்? 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 26-ஆம் பிரிவு இருக்கிறது. இரு தரப்பும் நினைத்தது ஒன்று, தவறுதலாக எழுத்தில் வந்தது வேறு என்று காட்டினால் உரிமையியல் நீதிமன்றமே பத்திரத்தைத் திருத்தச் சொல்லும். எண் தவறி, நான்கு எல்லை தெளிவாக இருந்தால் பொதுவாக எல்லைக்குத்தான் மதிப்பு. அதனால் பயப்படாதீர்கள். ஆனால் இந்தச் சாக்கில் கூடுதலாக அரை சென்ட் சேர்க்க முடியாது. அது திருத்தம் இல்லை, புதுக் கிரயம்.

இன்னொன்று. இடையில் நல்லெண்ணத்தில் பணம் கொடுத்து வாங்கிய மூன்றாமவரின் உரிமையை அந்த 26-ஆம் பிரிவு தொடாது. அதனால் 142/3, 143/2 இரண்டு எண்ணுக்கும் 1994-க்கு முன்பிருந்தே வில்லங்கம் (பதிவான விற்பனை, அடமான விவரம்) போட்டுப் பாருங்கள். அப்புறம் வாரிசுகளைப் பார்க்கப் போகலாம்.