நன்றாகப் பட்ட பந்தை வைத்து அயர்ன் வாங்காதீர்கள்

கோல்ஃப் மட்டைகளில் உலோகத் தலை கொண்ட ஒரு வகைதான் அயர்ன். அதன் எண் கூடக்கூட முகத்தின் சாய்வு கூடும், தூரம் குறையும். கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 47. மூன்று வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன், ஹேண்டிகேப் 22 (இந்த எண் குறையக் குறைய ஆட்டக்காரர் தேர்ந்தவர்). என்னிடம் இருப்பது மாமனார் கொடுத்த பழைய பிளேடு (பின்புறம் குடையாத, மெலிந்த தலை) செட். செவன் அயர்ன் நன்றாகப் பட்டால் 140 யார்டு போகிறது. நண்பர்கள் ஃபோர்ஜ்டு வாங்கு என்கிறார்கள். கடைக்காரர் காட்டிய செட்டில் அதே செவன் அயர்ன் 155 யார்டு போனது. எதை வாங்குவது?"

"நன்றாகப் பட்டால்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்கலாம். பத்துப் பந்தில் எத்தனை அப்படிப் படுகிறது? நன்றாகப் பட்ட பந்து எந்த அயர்னிலும் போகும். சரியாகப் படாத பந்து எங்கே போய் விழுகிறது என்பதுதான் உங்கள் ஸ்கோரைத் தீர்மானிக்கிறது. அயர்னையும் அதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சி ரேஞ்சில் இருபது பந்து எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி கிளப்பின் (மட்டையின்) முகத்தைப் பார்க்கும்படி பந்தை வைத்து அடித்தால், எங்கே பட்டதோ அங்கே மை ஒட்டிக்கொள்ளும். நடுவில் துடைக்காதீர்கள். இருபதும் முடிந்த பிறகு முகத்தைப் பாருங்கள். மைப்புள்ளிகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் உங்களுக்கு எந்த செட்டும் சரி. 22 ஹேண்டிகேப்காரர் பலருக்கு அப்படி இருக்காது. சில புள்ளி டோ (முகத்தின் வெளிமுனை) பக்கம் ஓடியிருக்கும், சில ஹீல் (தண்டு சேரும் முனை) பக்கம், நாலைந்து முகத்தின் அடி ஓரத்தில் இருக்கும். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது கேவிட்டி பேக், அதாவது பின்புறம் குடைந்து எடையை ஓரங்களில் வைத்த அயர்ன்.

காரணம் எளிது. காவடித் தண்டின் இரு முனையிலும் குடம் தொங்கினால் அதைச் சட்டென்று சுழற்ற முடியாது. அதே குடங்களை நடுவில் சேர்த்துக் கட்டினால் லேசாகத் தள்ளினாலே சுழலும். பிளேடில் எடை நடுவில் திரண்டிருக்கிறது. பந்து ஓரத்தில் பட்டதும் கிளப் முறுக்கிக்கொள்ளும், தூரமும் போய்விடும், திசையும் போய்விடும். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் இதைப் புரிந்துகொண்டு எடையை ஓரங்களுக்குத் தள்ளினார். அவருடைய பிங் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த ஐ2 அயர்ன்கள் இன்றுவரை பைகளில் இருக்கின்றன.

ஃபோர்ஜ்டு என்பது உலோகத்தை அடித்து உருவாக்கும் செய்முறையின் பெயர், வடிவத்தின் பெயர் அல்ல. ஃபோர்ஜ்டு கேவிட்டி பேக்கும் உண்டு. அதனால் நண்பர்கள் சொல்வதை அப்படியே தள்ளவும் வேண்டாம், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவும் வேண்டாம்.

இப்போது அந்த 155 யார்டுக்கு வருவோம். அயர்னின் அடியில் 7 என்று பொறித்திருந்தால் இத்தனை டிகிரி லாஃப்ட் (முகத்தின் சாய்வு) இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மாமனாரின் செவன் அயர்ன் 35 டிகிரியை ஒட்டி இருக்கும். கடையில் அடித்தது 28 அல்லது 29 ஆக இருக்கலாம். அது பழைய ஃபைவ் அயர்னின் கோணம்! இது மோசடி இல்லை. எடை கீழே இருப்பதால் அந்தக் கோணத்திலும் பந்து ஓரளவு எழும்பும். ஆனால் உங்கள் வேகத்துக்குத் தாழ்வாக வந்து விழுந்தால், வெயிலில் இறுகிய கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள புல்தரையில்) நிற்காமல் பின்னால் ஓடிவிடும். எனவே கடையில் "எவ்வளவு தூரம்" என்பதோடு "லாஃப்ட் எத்தனை, எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது" என்றும் கேளுங்கள். உங்களுக்கு 30 முதல் 32 டிகிரி வரையுள்ள செவன் அயர்ன் போதும் என்பது என் கணிப்பு. அப்புறம் கிட்டத்துக்கு அடிக்க உதவும் பிட்சிங் வெட்ஜின் லாஃப்டையும் பாருங்கள். அது 43 டிகிரியாக இருந்து, உங்கள் சாண்ட் வெட்ஜ் 56 என்றால், நடுவே 13 டிகிரி பள்ளம். 49 அல்லது 50இல் ஒரு வெட்ஜ் சேர்த்து வாங்க நேரும்.

ஒன்று சொல்ல வேண்டும். விடுமுறைக்கு ஊட்டி போனபோது அடித்த தூரத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். 2,200 மீட்டருக்கு மேலே காற்று மெலிது, எல்லாருக்கும் பந்து கூடுதலாகப் போகும்.

தலையைவிட ஷாஃப்டில்தான் (தண்டில்தான்) பலர் தவறு செய்கிறார்கள். பழைய செட்டின் ஸ்டீல் ஷாஃப்ட் ஒவ்வொன்றும் 120, 130 கிராம் இருக்கக்கூடும். முதல் ஐந்து ஹோலில் அந்தக் கனம் தெரியாது, பதினைந்தாவது ஹோலில் தெரியும். அதனால் புது செட்டைச் சோதிக்கும்போது நாற்பது பந்து அடித்துக் களைத்த பிறகு மறுபடி ஐந்து அடித்துப் பாருங்கள். 95 கிராம் அளவிலான ஸ்டீல், அல்லது முழங்கை வலி இருந்தால் கிராஃபைட், உங்களுக்கு ஒத்துவரும். ஷாஃப்டின் விறைப்பைக் குறிக்கும் ரெகுலர், ஸ்டிஃப் என்ற பெயர்களுக்கு நிறுவனங்களுக்கிடையே பொது அளவு கிடையாது. ஒன்றின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் போல இருக்கும்.

கடைசியாக லை கோணம், அதாவது தண்டுக்கும் தரைக்கும் இடையிலான கோணம். அதே மார்க்கரால் பந்தில் நேர்க்கோடு போட்டு, அது முகத்தை நோக்கிச் செங்குத்தாக நிற்கும்படி வைத்து அடியுங்கள். பதிந்த கோடு முகத்தின் வரிப்பள்ளங்களுக்குச் செங்குத்தாக இருந்தால் சரி. கோட்டின் மேல்முனை டோ பக்கம் சாய்ந்தால் கிளப் அதிகம் நிமிர்ந்திருக்கிறது. வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் இழுக்கும். ஹீல் பக்கம் சாய்ந்தால் இதற்கு நேர்மாறு. ஓரிரு டிகிரி வளைத்துத் தரச் சொல்லலாம்.

த்ரீ, ஃபோர் அயர்ன்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சிக்ஸ் அயர்னிலிருந்து வாங்கி, அதைவிட நீண்ட தூரத்துக்கு இரண்டு ஹைப்ரிட் (நீள அயர்ன்களுக்குப் பதிலான, அடிக்க எளிதான மட்டை) வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து வருடம் பழைய செட் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். முந்தையவர் ஷாஃப்டை வெட்டியிருக்கிறாரா என்று மட்டும் அளந்து பாருங்கள்.

மாமனாரின் செட்டை விற்றுவிட வேண்டாம். அந்தச் செவன் அயர்னை ரேஞ்சுக்கென்று வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை அதே இருபது பந்தை மையோடு அடித்துப் பாருங்கள். புள்ளிகள் எவ்வளவு நெருங்கி வந்திருக்கின்றன என்பதை அது காட்டிக்கொடுக்கும்.