1995இல் கழற்றி வைத்த சட்டப் பிரிவு

கேள்வி: அக்கா, நாங்கள் தமிழ்நாட்டு முகாமில் 18 வருசம் இருந்துவிட்டு ஊர் திரும்பினவர்கள். அங்கே கருக்கலைப்பை ஆஸ்பத்திரியிலேயே செய்வார்கள். இங்கே எங்கள் ஊரில் 15 வயதுப் பிள்ளை ஒன்று, சொந்தக்காரன் செய்த வேலை, பெற்றுத்தான் ஆகவேண்டும் என்கிறார்கள். இந்தச் சட்டத்தை மாற்ற ஒருவரும் முயலவில்லையா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: முயன்றார்கள் தங்கச்சி. எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை வெள்ளைக்காரன் 1883இல் எழுதியது. தாயின் உயிரைக் காக்க மட்டும் கலைக்கலாம். மற்றபடி 3 வருசம் வரை சிறை, சிசு அசையத் தொடங்கியபின் என்றால் 7 வருசம் வரை, தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் அதேதான். இந்தியாவிலும் இதே மாதிரிச் சட்டம்தான் இருந்தது, ஆனால் அவர்கள் 1964இல் குழு போட்டு 1971இல் தனிச் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள்.

இங்கே 1995இல் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அப்போதைய நீதி அமைச்சர் ஜி.எல். பீரிஸ் கொண்டுவந்த தண்டனைச் சட்டத் திருத்த வரைவில் வல்லுறவு, நெருங்கிய சொந்தத்துக்குள் தகாத உறவு, சிசுவின் பாரதூரமான குறைபாடு ஆகியவற்றுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கும் பிரிவு இருந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பியதும் அதை மட்டும் கழற்றிவிட்டு மிச்சத்தை நிறைவேற்றினார்கள். மிச்சம் என்ன தெரியுமா? 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவு கொண்டால், அவள் சம்மதித்தாலும் வல்லுறவு. நெருங்கிய உறவுக்குள் நடப்பது தனிக் குற்றம். உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நடந்தது குற்றம் என்று எழுதிய அதே திருத்தம், அவள் வயிற்றில் இருப்பதை அவளே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டது. அந்த வருசம் ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் சண்டைக்குத் தப்பி, பெட்டி படுக்கையோடு வன்னிக்கு வந்துகொண்டிருந்தது, கொழும்பில் எதைக் கழற்றினார்கள் என்று இங்கே யார் பார்த்தது?

அப்புறம் 2017இல் இதே மாதிரி ஒரு திருத்தம் அமைச்சரவை வரை போனது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அப்படியே கிடப்பில் போட்டாயிற்று. வருசா வருசம் மடு மாதா கோயிலுக்குப் போகிறவள் நான், உயிர் பெரிது என்று அவர்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒருநாள் கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை, பள்ளிக்கூடச் சப்பாத்தோடு, கர்ப்பவதி அட்டையைக் கணக்குக் கொப்பிக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவளும் ஒரு உயிர்தானே.

கடைசியாக ஒன்று, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் இரகசியமாக வாங்கிய குளிசையால் இரத்தம் நிற்காமல் போனால், பொலிசுக்குப் பயந்து வீட்டில் படுத்திருக்க வேண்டாம். அதற்கு வைத்தியம் செய்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. இரவானாலும் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை.